எஸ்டிஎல் கோப்பை ஸ்டெப் என்று சொல்லி விற்கிறார்கள்: கவனம்

வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளின் வெளியுறை விளிம்புக் கழுத்தில் அடிக்கடி வெடிப்பதால், அந்த இடத்தின் தகைப்பை, அதாவது உலோகத்துள் ஓர் அலகுப் பரப்பில் எழும் விசையை, கணித்துப் பார்க்க கிளிநொச்சியிலுள்ள எங்கள் பட்டறை முடிவு செய்தது. கணிப்பைச் செய்து தர, அறிவியல்நகர் பொறியியல் பீடத்தில் படிக்கும் என் மருமகன் முன்வந்தார். கையிலிருந்த ஐஜெஸ் கோப்பில் (உறையின் முப்பரிமாண வரைவைச் சேமித்திருந்த பழைய கோப்பு வகை) பரப்புகள் ஒன்றோடொன்று தைக்கப்படாமல் தனித்தனியாகக் கிடந்தன. இடையிடையே மயிரிழை இடைவெளிகளும், ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த இரட்டைப் பரப்புகளும், மெஷ் போட்டால், அதாவது கணிப்புக்காக வடிவத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்தால், நசுங்கிய கூறுகளை மட்டுமே தரக்கூடிய ஒடுங்கிய கீற்றுகளும் இருந்தன. இவற்றைத் திருத்தித் தருவதாக இணையத்தில் விளம்பரம் செய்திருந்த ஒருவரிடம் வேலையைக் கொடுத்து, பாதிப் பணத்தை முற்பணமாக அனுப்பினோம்.

வந்த ஸ்டெப் கோப்பு (உருளை, வளைவு போன்றவற்றை அப்படியே துல்லியமாகச் சேமிக்கக்கூடிய வகை) பார்வைக்குக் குறையற்றிருந்தது. பிரீகேட் என்ற வரைவு மென்பொருளின் வடிவச் சோதனையும் பிழை எதையும் காட்டவில்லை என்பதால் மீதிப் பணமும் போய்விட்டது. ஆனால் மருமகன் போல்ட் துளையொன்றைச் சொடுக்கியபோது, உருளைப் பரப்பு முழுவதும் தெரிவாகாமல் ஒடுங்கிய முக்கோணத் துண்டு ஒன்று மட்டும் பச்சையாக மாறியது. துளைக்கு ஆரையே இல்லை. அது பல கோணங்கள் கொண்ட ஓட்டையாகியிருந்தது. வேலையை எடுத்தவர் மூல மாதிரியைச் சுற்றி முக்கோணங்களாலான ஓர் உறையைப் போர்த்தி, அதை எஸ்டிஎல் (வடிவத்தை முக்கோணங்களாக மட்டும் சேமிக்கும் கோப்பு வகை) ஆக்கி, ஒவ்வொரு முக்கோணத்தையும் தனித் தட்டைப் பரப்பாக மாற்றி ஸ்டெப் என்ற பெயரில் சேமித்திருக்கிறார். வெளிக்காற்றோட்டம் போன்ற சில கணிப்புகளுக்கு இப்படிப் போர்த்துவது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வேலைக்கோ அது அடியோடு உதவாது, ஏனெனில் கழுத்திலிருந்த 3 மிமீ பிலெட் (உள்மூலையை மழுக்கும் வளைவு) அந்தப் போர்வைக்குள் மறைந்து கூரிய உள்மூலையாகிவிட்டது. அத்தகைய மூலையில் மெஷ்ஷை நுணுக்க நுணுக்கத் தகைப்பு ஏறிக்கொண்டே போகுமே தவிர, ஓர் எண்ணில் நிலைக்காது.

கேட்டபோது, “மெஷ் விழுகுதுதானே அண்ணை, பிறகென்ன?” என்றார். பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்ட பிறகு பதிலே இல்லை.

இத்தகைய வேலையைக் கொடுப்பவர்கள், பரப்புகளைத் தைக்க எவ்வளவு இடைவெளி வரை அனுமதிக்கப்படும் என்பதையும், எந்தெந்த பிலெட்டுகள் நீக்கப்படும் என்பதையும் முதலிலேயே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். கோப்பு வந்ததும், மீதிப் பணத்தைக் கொடுக்குமுன், துளையொன்றின் ஆரையை அளந்து பாருங்கள். பரப்புகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் பெருகியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வடிவச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம்: உடல் மூடியிருக்கிறதா என்பதை அது சொல்லும், மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்பதைச் சொல்லாது. அவருடைய விளம்பரம் இன்னும் இருக்கிறது. இப்போது அதில் எங்கள் பம்பு உறையின் மெஷ் படமும் சேர்ந்திருக்கிறது.