கேஸ் மாத்திரைக்கும் கேள்வி கேக்கற மெடிக்கல், 4 ஸ்டார்

தர்மபுரி நாலு ரோட்டுகிட்ட ஒரு சந்துல இருக்க சின்ன ஜெனரிக் மெடிக்கல் (பெரிய பிராண்டு பேரு இல்லாத மருந்து விக்கற கடை) பத்திதான் எழுதறேன். மத்த கடைங்கள்ல "அண்ணா, ஒரு கேஸ் மாத்திரை"ன்னா போதும், கத்தரில ரெண்டு வெட்டி கைல குடுத்துடுவாங்க, யாருக்கு எதுக்குன்னு ஒரு வார்த்தை இருக்காது. இங்க இருக்க பார்மசிஸ்ட் அக்கா விடமாட்டாங்க, எரிச்சலா வலியா, எத்தன நாளா இருக்கு, வேற என்ன மாத்திரை ஓடுதுன்னு கேட்டுட்டுதான் டப்பாவையே எடுப்பாங்க.

எங்க சித்தப்பாவுக்கு இதுல செம கோவம். இதய ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வச்சவரு, ரத்தம் உறையாம இருக்க குளோபிடோக்ரெல் சாப்பிடறாரு, போயி ஆசிட் கொறைக்கற ஓமிப்ரசோல் கேட்டிருக்காரு. "இது அந்த மாத்திரையோட வேலைய கொறைச்சிடும்ங்க, டாக்டரை கேட்டுட்டு வாங்க"ன்னு வெறுங்கையோட அனுப்பிட்டாங்க. டாக்டரும் அதையே சொல்லி அதே வகைல பான்டோப்ரசோல் எழுதிக் குடுத்தாரு, இப்ப மனுஷன் வேற கடைக்கே போறதில்ல.

சாப்பிடற முறையும் பொறுமையா சொல்றாங்க. நம்மாளுங்க களியும் கொழம்பும் ஒரு கட்டு கட்டிட்டு அப்பறமா பான்டோப்ரசோல போடுவாங்க, அது சரியில்லையாம், சாப்பாடு உள்ள போறப்பதான் வயித்துல ஆசிட் சுரக்கற பம்பு எல்லாம் ஓட ஆரம்பிக்குது, அந்நேரம் மருந்து ரத்தத்துல ரெடியா இருந்தாதான் அதை அடைக்க முடியும், அதனால சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடியே போடணும், உடைக்காம முழுசா முழுங்கணும். முழு பலன் தெரிய ரெண்டு மூணு நாளாகும். உடனே எரிச்சல் அடங்கணும்னா ஜெலுசில் மாதிரி மருந்து, ஆனா தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரையோட சேத்து குடிக்கக் கூடாது, அதுங்க ஒடம்புல சேராது.

பழக்கத்துல ரானிடிடின்ங்கற பழைய ஆசிட் மாத்திரைய கேக்கறவங்களுக்கு அதுக்கு பதிலா ஃபமோடிடின் பத்தி சொல்றாங்க. ரானிடிடின்ல என்டிஎம்ஏன்னு புற்றுநோய் வரவைக்கலாம்னு சந்தேகப்படற கலப்பு இருக்குன்னு 2020ல அமெரிக்காவுல மார்க்கெட்ட விட்டே எடுக்கச் சொன்னாங்க, 2022ல நம்ம அத்தியாவசிய மருந்து பட்டியல்ல இருந்தும் தூக்கிட்டாங்க.

அல்சருக்கு பைலோரி கிருமி காரணம்னு டாக்டர் கோர்ஸ் எழுதினா (ஆசிட் மாத்திரையோட ஆன்டிபயாடிக்கும் சேத்து, பெரும்பாலும் 14 நாள்) பாதில நிறுத்தாதீங்கன்னு கவர் மேலயே பேனால எழுதித் தர்றாங்க. வருஷக்கணக்கா ஆசிட் மாத்திரைய தானா வாங்கி முழுங்கறவங்கள, வைட்டமின் பி12 கொறைஞ்சிருக்கலாம்னு டெஸ்ட் பண்ணிக்கச் சொல்லி வெரட்டறாங்க. ஒருத்தரு நெஞ்சு அடைக்குது, வேர்க்குது, கேஸா இருக்கும்னு நின்னாரு, மாத்திரையே தரல, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு போயி மொதல்ல ஈசிஜி எடுங்கன்னு ஆட்டோ புடிச்சு ஏத்தி விட்டாங்க. யாவாரம் போனா போகுதுங்கற ஆளு.

ஒரு ஸ்டார் கொறைச்சது எதுக்குன்னா, ஒரே ஆளு இத்தன கேள்வி கேட்டா லைன் எப்படி நகரும்? வண்டி நிறுத்தவும் எடமில்ல, போன்ல பணம் கட்டற ஸ்கேனர் பாதி நாள் வேலை செய்யாது. சில்லறையோட மத்தியானமா போங்க, டாக்டர் எழுதின பழைய சீட்டையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க, இல்லன்னா அதுக்கும் தனியா கேள்வி இருக்கு.