சென்னையா, மும்பையா? நாகர்கோவில் ஓட்டக்காரருக்கு

“முதல் மாரத்தானுக்கு எங்கண்ணே போக?” தம்பிமார் கேட்பது இதுதான். ரெண்டும் ஜனவரியில், ரெண்டிலும் 42.195 கி.மீ. ஓடியிருக்கிறேன்.

பயணம்: சென்னைக்கு கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி. மும்பைக்கு ரயிலில் ஒன்றரை நாள். இறங்கும்போதே கால் மரத்திருக்கும்.

செலவு: மும்பையில் அறை வாடகையே கையைக் கடிக்கும். சென்னையில் சித்தி வீடு இருக்கிறது.

பாதை: சென்னை சமதளம். நேப்பியர் பாலத்தில் இருட்டிலேயே கிளம்பினாலும் புழுக்கத்தில் பனியன் பிழியும்படி நனைந்துவிடும். மும்பையில் காலைக் காற்று இதம். நடந்துபோக விடாத பாந்த்ரா–வொர்லி கடல் பாலத்தில் ஓடுவது தனி சுகம். ஆனால் பெடர் ரோடு ஏற்றம் திரும்பும்போது வரும், 30 கி.மீ. தாண்டி. கெண்டைக்கால் பிடித்து நடந்தேதான் ஏறினேன். தெருவோரம் ஒரு பாட்டி உரித்த ஆரஞ்சுச் சுளையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அந்தக் கூட்டமும் ஆரவாரமும் சென்னையில் இல்லை.

சுசீந்திரம் ரோட்டில் மட்டும் ஓடிப் பழகியவர் சென்னைக்குப் போங்க. பேச்சிப்பாறைப் பக்கம் ஏற்றம் ஏறிப் பழகி, கையில் காசும் இருந்தால் மும்பை. எங்கே போனாலும் அவித்த ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்) ரெண்டு பையில் இருக்கட்டும்.