மகனின் இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை: ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனை

9 வயது மகனுக்கு இடுப்பெலும்பில் ரத்தம் நிறைந்த கட்டி, அனூரிஸ்மல் போன் சிஸ்ட். புற்றுநோய் இல்லை, ஆனாலும் எலும்பை அரித்துவிடும்.

டாக்டரை மனதாரப் பாராட்டுகிறேன். எம்ஆர்ஐ படத்தோடு நிற்காமல் முதலில் பயாப்சி (கட்டியிலிருந்து சிறு திசு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) எடுத்தார். ஒருவகை எலும்புப் புற்றுநோயும் படத்தில் இதே மாதிரி தெரியுமாம். இடுப்பில் ரத்தப்போக்கு அதிகமாகலாம் என்பதால், கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய்களை முன்கூட்டியே அடைத்தார்கள். அப்புறம் கட்டியைச் சுரண்டி எடுத்து, குழியின் சுவரை அதிவேகக் கருவியால் தேய்த்து, எலும்புத் துகள் நிரப்பினார்கள். எலும்பு வளர உதவும் வளர்ச்சிக் குருத்தெலும்பை எப்படிக் காப்பாற்றினார் என்று படம் வரைந்து, என் அம்மாவுக்குத் தமிழிலேயே விளக்கினார்.

பில் பிரிவுதான் மோசம். ரத்தக்குழாய் அடைப்புக்குத் தனிக் கட்டணம் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாக் கட்டணத்தையும் முன்பே எழுதி வாங்குங்கள். கட்டி திரும்பினால் பெரும்பாலும் 2 ஆண்டுகளுக்குள் வரும், எக்ஸ்ரே செக்கப்பைத் தவறவிடாதீர்கள்.