ஆர்எக்ஸ் 100 ரேஸ் சேம்பர்: கூம்பு உருட்டுவதா, தண்ணீரில் ஊதுவதா?

சேம்பர் என்பது மெல்லிய கழுத்து, விரியும் முன் கூம்பு, பெருத்த வயிறு, குறுகும் பின் கூம்பு, வால் குழாய் என வரிசையாக அமைந்த ரேஸ் சைலன்சர். யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ டிராக்கில் ஓட்டத் தயார் செய்பவருக்கு சைலன்சர் விஷயத்தில் மூன்று வழி உண்டு: கம்பெனி சைலன்சரையே வெட்டி மாற்றுவது, ஷீட்டைக் கூம்பு கூம்பாக உருட்டிப் பற்றவைப்பது, இரண்டு தட்டை ஷீட்டின் ஓரத்தைப் பற்றவைத்துத் தண்ணீர் அழுத்தத்தில் ஊத வைப்பது.

முதல் வழியை இங்கேயே முடித்துவிடலாம். உள் குழாயைக் கழற்றினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் சைலன்சர் வெறும் புகைபோக்கி இல்லை. வெளியே போன அழுத்த அலை பின் கூம்பில் மோதித் திரும்பி, எக்ஸாஸ்ட் போர்ட் (சிலிண்டரில் புகை வெளியேறும் வாய்) மூடுவதற்குள் தப்பப் பார்க்கும் புதுப் பெட்ரோல்-காற்றுக் கலவையை சிலிண்டருக்குள் தள்ள வேண்டும். வால் பக்கம் அகன்றுவிட்டால் உள்ளே நிற்க வேண்டிய அழுத்தம் நிற்காது.

மற்ற இரண்டு வழிக்கும் கணக்கு ஒன்றுதான். எக்ஸாஸ்ட் போர்ட் கிராங்க் சுழற்சியில் எத்தனை டிகிரி திறந்திருக்கிறது என்பதை டிகிரி வட்டு வைத்து அளந்து, அதை 43,000-ஆல் பெருக்கி, பவர் உச்சம் வேண்டிய ஆர்பிஎம்மால் வகுத்தால் நீளம் மில்லிமீட்டரில் வரும். 180 டிகிரி, 9,000 ஆர்பிஎம் என்றால் 860 மி.மீ. பிஸ்டன் முகத்தில் தொடங்கிப் பின் கூம்பின் நடுப்பகுதி வரை, குழாயின் மையக்கோட்டில் அளக்க வேண்டும். சிலிண்டருக்குள் இருக்கும் போர்ட் நீளத்தை விட்டுவிட்டு அளப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

கூம்பு முறைக்கு 1 மி.மீ. சிஆர் ஷீட் (பூச்சு இல்லாத சாதா இரும்புத் தகடு) போதும். துத்தநாகம் பூசிய ஜிஐ ஷீட் வேண்டவே வேண்டாம். பற்றவைக்கும்போது கிளம்பும் துத்தநாகப் புகை காய்ச்சலில் தள்ளும், வெல்டும் நுரைத்துப் போகும். 38 மி.மீ. விட்டத்திலிருந்து 90 மி.மீ.க்கு 200 மி.மீ. நீளத்தில் விரியும் முன் கூம்பை எடுத்துக்கொள்வோம். அதைத் தட்டையாக விரித்தால் விசிறி வடிவம் வரும். சாய்வு நீளம் 201.7 மி.மீ. அதை 90-ஆல் பெருக்கி, விட்ட வித்தியாசமான 52-ஆல் வகுத்தால் வெளி ஆரம் 349 மி.மீ. அதிலிருந்து சாய்வு நீளத்தைக் கழித்தால் உள் ஆரம் 147.4. விசிறியின் கோணம் 180 × 90 ÷ 349, அதாவது 46.4 டிகிரி. விட்டத்தை ஷீட் தடிமனின் நடுவில் எடுக்க வேண்டும்: உள் விட்டம் 90 வேண்டுமென்றால் கணக்கில் 91 போட வேண்டும். அந்த ஒரு மில்லிமீட்டரை விட்டால் சுற்றளவில் 3 மி.மீ. குறையும், அடுத்த துண்டோடு வாய் பொருந்தாது. முதலில் சார்ட் அட்டையில் வெட்டிச் சுருட்டிப் பார்ப்பது நல்லது.

உருட்ட மெஷின் தேவையில்லை. கூம்பின் முனையிலிருந்து விசிறிபோல் பிரியும் கோடுகளை ஷீட்டில் கீறி, வைஸில் இறுக்கிய பைப்பின் மேல் அந்தக் கோடுகளின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க வேண்டும். இணைகோடாக வளைத்தால் கூம்பு முறுக்கிக்கொள்ளும். இரண்டு ஓரங்களையும் முதலிலேயே வளைத்துவிட வேண்டும். கடைசிக்கு விட்டால் ஓரம் தட்டையாகவே நின்று, வாய் வட்டமாக இல்லாமல் கண்ணீர்த் துளி வடிவத்தில் வரும். அதன்பின் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவது டிங்கர் வேலை தெரிந்தவருக்கே அரை நாள் வேலை.

வளைவுகளுக்கு, குழாயை 7.5 டிகிரி சாய்வாக அறுத்து ஒரு பாதியை 180 டிகிரி திருப்பி வைத்தால் 15 டிகிரி வளைவு கிடைக்கும். ஒரே இடத்தில் பெரிய வளைவு வேண்டாம், நான்கைந்தாகப் பிரிக்கலாம். வண்டியிலேயே பொருத்திப் பார்த்து, எதிரெதிராக நான்கு டேக் (புள்ளி வெல்டு) வைத்த பிறகுதான் முழு வெல்டு.

தண்ணீர் முறையில் வடிவம் அழகாக வரும், வெல்டும் குறைவு. ஷீட்டில் பாதிச் சுற்றளவு அகலம் வேண்டும்: 90 மி.மீ. வயிற்றுக்கு 141 மி.மீ., ஓர வெல்டுக்குக் கூடுதலாக. ஒரே மாதிரி பத்து பைப் வேண்டுமென்றால் மதுரையில் கப்பலூர் அல்லது கே.புதூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் லேசரில் வெட்டக் கொடுத்து இதையே செய்யலாம். சிக்கல் அழுத்தத்தில் இருக்கிறது. 1 மி.மீ. சாதா ஷீட்டை 90 மி.மீ. வட்டமாக்க ஏறக்குறைய 45 பார் அழுத்தம் வேண்டும், 38 மி.மீ. கழுத்தை வட்டமாக்க 100 பாருக்கு மேல். வயிறு உப்பி முடிந்த பின்னும் கழுத்து தட்டையாகவே இருக்கும். அதற்காகப் பம்ப்பை மேலும் அழுத்தினால் வயிற்று வெல்டு கிழியும். ஆகவே வயிற்றையும் இரு கூம்புகளையும் மட்டும் ஊதி, கழுத்துக்கும் வாலுக்கும் சாதாரணக் குழாயைச் சேர்ப்பதே சரி. வளைந்த வடிவில் வெட்டி ஊதினால் வளைவின் உட்பக்கம் மடிப்பு விழும்; அதை அறுத்துத்தான் சரிசெய்ய முடியும். பைக் கழுவும் பம்ப்பை நம்புகிறவர்கள் முதலில் அதன் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்க்கட்டும்.

உள்ளே காற்று துளியும் இருக்கக் கூடாது. வாயை மேலே நிறுத்தி, வழிய வழியத் தண்ணீர் நிரப்பிய பிறகே மூட வேண்டும். தண்ணீர் இருந்தால் வெல்டு விட்ட இடத்தில் பீய்ச்சி அடித்து நின்றுவிடும். கம்ப்ரஸர் காற்றில் ஊதினால் அது வெடிகுண்டு.

வெல்டிங்கைப் பொறுத்தவரை, ஊதும் முறைக்கு ஆர்கான் வெல்டிங் (டிக்)தான். கூம்புக்கு கேஸ் வெல்டிங்கே போதும். சிறு இடைவெளி இருந்தாலும் நிரப்பிக்கொள்ளும். ஆர்க் ராடு 1 மி.மீ. ஷீட்டில் ஓட்டை போடும்.

முதல் பைப் என்றால் கூம்பு முறைதான். கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் முதல் பைப் வண்டிக்குச் சரியாக அமைவது அபூர்வம். மேலே சொன்ன 860 மி.மீ. நீளத்தில் 10 மி.மீ. குறைத்தால் உச்சம் சுமார் 100 ஆர்பிஎம் மேலே போகும். கூம்பு பைப்பில் வயிற்றை அறுத்து 20 மி.மீ. எடுத்து மறுபடி ஒட்டலாம், பின் கூம்பை மட்டும் மாற்றலாம். ஊதிய பைப்பில் ஓர வெல்டு நீட்டிக்கொண்டிருப்பதால் அறுத்துச் சேர்ப்பது கஷ்டம். கூம்பின் சாய்வை மாற்ற வேண்டுமென்றால் புதிதாகத்தான் வெட்ட வேண்டும். அளவு முடிவான பிறகு ஊதும் முறைக்குப் போவதில் தவறில்லை.

வால் குழாயின் உள் விட்டம் இரண்டு முறையிலும் கழுத்தின் 0.58 முதல் 0.62 பங்கு: 38 மி.மீ.க்கு 22 முதல் 23.5. பெரிய அளவில் தொடங்கிக் குறைப்பதே பாதுகாப்பு. சின்னதாகிவிட்டால் சூடு வெளியேறாமல் பிஸ்டன் தலை உருகும். பின் கூம்பும் வாலும் சேரும் இடம்தான் முதலில் விரிசல் விடும். ஃபிரேமில் நேரடியாக போல்ட் போடாமல் ரப்பர் புஷ் வைத்து, கழுத்துப் பக்கம் ஸ்பிரிங்கில் பிடிக்க வேண்டும்.

இந்த பைப் டிராக்குக்கு மட்டும்தான். ரோட்டில் ஓட்டினால் சத்தத்துக்கு மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 190(2) காத்திருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்கு வண்டியை ஏற்றிப் போவதற்கு முன் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை (பெட்ரோல் பாயும் துளை) இரண்டு மூன்று அளவு பெரிதாக்கி, முழு த்ராட்டிலில் ஓட்டி, கிளட்ச் பிடித்து இன்ஜினை அணைத்து பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வெளுத்திருந்தால் ஜெட் இன்னும் பெரிதாக வேண்டும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடித்துவிடும். காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை ஒவ்வோர் அளவாகத்தான் குறைக்க வேண்டும்.