விலை இறங்கினாலும் இந்த கிராவல் சைக்கிளை வாங்கச் சொல்ல மாட்டேன்

எங்கள் வேளச்சேரி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஓட்டும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, உங்க சைக்கிள் விலை இறங்கியிருக்கு. எடுத்துடவா? ஜவ்வாது மலைக்கு இதைத்தானே கொண்டு போறீங்க?" இதைத்தான் கொண்டு போகிறேன், மண்ணிலும் கூழாங்கல் பாதையிலும் ஓட்டுவதற்கான கிராவல் சைக்கிள். ஆனால் பாட்டம் பிராக்கெட்டை, அதாவது ஃபிரேமின் அடியில் மிதியச்சைத் தாங்கும் பேரிங் தொகுதியை, மறுபடியும் மாற்றி அன்றைக்குத்தான் கடையிலிருந்து எடுத்து வந்திருந்தேன். அதனால் என் பதில் கொஞ்சம் காரமாகவே வந்தது. அவரிடம் நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். பிராண்டு பெயர் வேண்டாம். நான் திட்டப்போகும் பாட்டம் பிராக்கெட் அமைப்பு பல நிறுவனங்களின் ஃபிரேமில் இருக்கிறது.

முதலில் டயர். 40 மில்லிமீட்டர் அகலம், டியூப்லெஸ். நான் 35 பிஎஸ்ஐ அளவில் காற்று வைக்கிறேன். ரோடு சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது டயர் தட்டையாகிவிட்ட மாதிரி தோன்றும், ஆனால் கூழாங்கல் பாதையில் இறங்கினதும் காரணம் புரிந்துவிடும். மணிமங்கலம், படப்பைப் பக்கத்து ஏரிக்கரைகளில் சீமைக்கருவேல முள் எப்படிக் கிடக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டியூப் போட்ட சைக்கிளில் அந்தப் பக்கம் போனால் பாதி நேரம் பஞ்சர் ஒட்டுவதிலேயே போய்விடும். இதில் முள் ஏறினால் உள்ளே ஊற்றியிருக்கும் சீலன்ட் திரவம் புஸ்ஸென்று கொஞ்சம் பீச்சியடித்து, ஓட்டையில் உறைந்து அடைத்துக்கொள்கிறது. முள்ளோடு வீட்டுக்கு வந்து, மறுநாள் காலையில்தான் அதைப் பார்த்த நாட்கள் உண்டு. நம் ஊர் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வு வழியாக ஊற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் செலவு.

கியர், பிரேக் இரண்டும் ஷிமானோ நிறுவனம் கிராவல் சைக்கிளுக்கென்றே செய்கிற ஜிஆர்எக்ஸ் வகை, ஒரு குறையும் இல்லை. முன்னால் ஒரே பல்சக்கரம், 40 பல். பின்னால் பெரியது 42. அந்தப் பெரியதில் போட்டு மிதி ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுகூட முழுசாகச் சுற்றாது. கூழாங்கல் நிறைந்த ஏற்றத்தில் நடப்பவரைவிடச் சற்றே வேகமாக, கால் தரையில் படாமல் ஏறிவிட அந்தக் கணக்குதான் கைகொடுக்கிறது.

சரி, ஜவ்வாது மலை. எனக்குப் பிடித்த வழி ஆலங்காயத்தில் தொடங்குகிறது. காரை அங்கே நிறுத்திவிட்டு, காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் வரை ஏறலாம். நடுவில் முதுகெலும்பு மாதிரி தார்ச்சாலை போகிறது. அதிலிருந்து சிற்றூர்களுக்குப் பிரிகிற மண்பாதைகள்தான் இந்த சைக்கிளுக்கு ஏற்றவை. சாமைக் கொல்லைகள், புளியமரங்கள், பலாமரங்கள், நடுநடுவே மலையாளி எனப்படும் மலைவாழ் பழங்குடியினரின் வீடுகள், அப்புறம் திடீரென்று காடு. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் மண் இறுகி, தூசி எழும்பாமல், டயருக்குக் கீழே ஒரே சீராகச் சரசரவென்று ஓடும். அந்த மாதிரி மண்ணைச் சென்னையைச் சுற்றி வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

காவலூரில் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருக்கிறது. அங்கிருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பலருக்குத் தெரிந்திருக்கும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம், சுற்றிலும் நகர வெளிச்சம் கிடையாது என்பதால்தான் 1960களில் இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். நகர வெளிச்சம் எட்டாத இடத்தில் நகரத்துச் சத்தமும் எட்டாது. விடியற்காலையில் அந்தப் பக்கம் ஓட்டும்போது நம் மூச்சும் டயரும்தான் கேட்கும். நான் சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் வருவது அந்த அமைதிக்காகத்தான். அதனால்தான் இனிமேல் சொல்லப்போவதில் எனக்கு இவ்வளவு கோபம்.

ஏற்றம் தொடங்கியதும் "டிக்" என்று ஒரு சத்தம். வலது கால் அழுத்தும்போதெல்லாம் ஒரு "டிக்". கொஞ்சம் போனால் அது "கிரிக்" ஆகிவிடும். இறக்கத்தில் இல்லை, சமதரையில் மெதுவாக மிதித்தால் இல்லை. காலுக்குப் பாரம் வரும்போது, அதாவது மலையில்தான் வரும். ஈசிஆரில் லாரியும் பேருந்தும் போகிற இரைச்சலில் அது காதிலேயே விழாது. காவலூர்க் காட்டில் அதைத் தவிர வேறொன்றும் கேட்காது.

ஃபிரேமில் சத்தம் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிப்பதே தனி வேலை, குழாய்க்குள் ஓடி எங்கேயோ கேட்கும். சீட்டிலிருந்து எழுந்து மிதித்துப் பார்த்தேன், சத்தம் நிற்கவில்லை. ஆக சீட்டும் சீட் போஸ்டும் இல்லை. பெடலைக் கழற்றி கிரீஸ் போட்டேன். பல்சக்கரத்தின் போல்ட்டுகளை இறுக்கினேன். பின்சக்கரத்து ஆக்சிலைத் துடைத்தேன். எல்லாம் கழித்த பிறகு மிஞ்சியது பாட்டம் பிராக்கெட். பிரெஸ்ஃபிட் வகை.

தெரியாதவர்களுக்கு: பழைய முறையில் ஃபிரேமின் அடியில் மிதியச்சு போகிற குழாய்க்குள் மரை வெட்டியிருப்பார்கள். பேரிங் கிண்ணம் அதில் திருகி உட்காரும். வலது பக்கத்துக்கு மட்டும் எதிர்மரை வைத்திருப்பார்கள், மிதிக்க மிதிக்கக் கழன்று வராமல் இருப்பதற்காக. பிரெஸ்ஃபிட்டில் மரையே கிடையாது. ஃபிரேமின் ஓட்டையில் கிண்ணத்தை அழுத்தி இறுக்கிவிடுகிறார்கள். தொழிற்சாலைக்கு வேலை மிச்சம், எடையும் கொஞ்சம் குறையும். ஆனால் அந்த ஓட்டை துளி கோணலாக இருந்தாலும், இரண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு மிதிக்கும் கிண்ணம் மயிரிழை நகரும். அதுதான் அந்தச் சத்தம். நகர்கிற இடத்தில் நீரும் மண்ணும் புகும், மண் புகுந்தால் இன்னும் நகரும். மண்ணிலும் மழையிலும் ஓட்டத்தான் கிராவல் சைக்கிள் என்று சொல்லி விற்கிறார்கள். அதன் அடிவயிற்றில் மண்ணும் மழையும் ஆகாத ஒன்றை வைப்பது எந்த ஊர் நியாயம்?

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். கிண்ணங்களை வெளியே எடுத்து, ஓட்டையைத் துடைத்து, பிடிமானப் பசை தடவி, நேராக அழுத்தித் திரும்ப உட்கார வைத்தார். பொறுமையான ஆள். புது பேரிங்கோடு சில வாரம் சத்தமே இருக்காது. ஒரு நல்ல மழையில் நனைந்தால் திரும்ப வந்துவிடும். ஓட்டையின் கோணலுக்கு அவர் என்ன செய்வார்?

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சத்தத்தால் சைக்கிள் ஒருநாளும் நின்றுபோனதில்லை. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர்ப் பக்கம் இறங்கும்போது ஃபிரேம் கொஞ்சம்கூட ஆடாது, பிரேக் ஒற்றை விரலில் பிடிக்கும். இந்த விலையில் இதைவிட நல்ல கியரோ டயரோ கிடைக்காது, குறைத்த விலையில் நிச்சயம் கிடைக்காது. காகிதத்தில் கூட்டிப் பார்த்தால் வாங்கலாம் என்றுதான் வரும். இருந்தும் வாங்காதே தம்பி. மரை வெட்டிய பாட்டம் பிராக்கெட் உள்ள ஃபிரேமாகப் பார். கியர் ஒருபடி குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, கியரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஃபிரேமில் இருக்கிற ஓட்டையை மாற்ற முடியாது. கடையில் கேட்டுச் சொல்கிறேன் என்று இழுத்தால், மிதியைத் தாங்கும் கிராங்கைக் கழற்றிக் காட்டச் சொல்.

ஜவ்வாது மலையில் ஓட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர்களை இணைக்கிற பாதைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் சக்கரம் வைக்கக்கூடாது, மேப்பில் கோடு தெரிகிறது என்பதெல்லாம் அனுமதி ஆகாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலியான பிறகு விதிகள் கடுமையாகியிருக்கின்றன, அது சரியும்கூட. கோடையில் ஜவ்வாதுக் காடு இலையுதிர்த்துக் காய்ந்து கிடக்கும், அப்போது போகவே வேண்டாம். இருட்டுவதற்குள் ஊருக்குத் திரும்பிவிடுங்கள், கரடி நடமாட்டம் உண்டு.

என் சைக்கிளை விலைக்குக் கேட்டும் சிலர் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். விற்கப்போவதில்லை. இரண்டு கிண்ணங்களும் ஃபிரேமுக்குள்ளேயே ஒன்றோடொன்று மரையில் பூட்டிக்கொள்கிற வகை பாட்டம் பிராக்கெட் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். ஓட்டை கோணலாக இருந்தாலும் இது நகராது என்கிறார் கடைக்காரர். அதை மாட்டிக்கொண்டு பிப்ரவரிக்குள் காவலூர் ஏறிப் பார்க்கிறேன். அதிலும் சத்தம் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.