யோகா ஆசிரியர் பயிற்சிக்குக் காசு கட்ட முதல் இதை வாசியுங்கள்

நேற்று நல்லூர்ப் பக்கம் போகும்போது ஒரு மதிலில் அந்தச் சுவரொட்டியை மறுபடி பார்த்தேன். “200 மணித்தியால சர்வதேச யோகா ஆசிரியர் பயிற்சி. தமிழ் மொழி மூலம். சில இடங்களே மீதமுள்ளன.” போன வருடம் இதே வரிகளை நம்பித்தான் நான் ரூபா 165,000 கட்டினேன். சுவரொட்டியின் நிறம் மாறியிருக்கிறது, ஆட்கள் மாறவில்லை. புதிதாக யாரோ சேரப் போகிறார்கள் என்று நினைத்தபோது சும்மா இருக்க முடியவில்லை. விடயம் இணக்கசபைக்குப் போயிருப்பதால் பெயர் போடவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் ஒரு முன்பள்ளி ஆசிரியை. முதுகுவலிக்கென்று ஆரம்பித்து, ஐந்து வருடமாகக் கோண்டாவிலில் ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர் ஒருவரிடம் காலை ஐந்தரைக்குப் போய் யோகா பழகுகிறேன். எங்கள் பகுதிப் பெண்களுக்கு நானே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பிள்ளை பெற்ற பிறகு இடுப்புவலியோடும், நாற்பது தாண்டியதும் முழங்கால் வலியோடும் எத்தனை பேர் இருக்கிறார்கள்! ஆண் ஒருவர் நடத்தும் வகுப்புக்கு அவர்களில் பலர் வரமாட்டார்கள். அதனால்தான் சேர்ந்தேன். சீட்டு எடுத்த காசு ஒரு லட்சம், மிச்சத்துக்கு இரண்டு காப்பை வங்கியில் அடகு வைத்தேன்.

கோண்டாவில் ஆசிரியரை நாங்கள் ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் சொன்னபோது அவர் ஒன்றுதான் சொன்னார். “பிள்ளை, காசு குடுக்க முதல் நேர அட்டவணையை வாங்கிக்கொண்டு வந்து எனக்குக் காட்டு. ஆர் படிப்பிக்கினம், எத்தினை மணித்தியாலம் எண்டு பாக்கவேணும்.” நான் கேட்டேன். அலுவலகத்தில் இருந்த பிள்ளை, “அக்கா, அது முதல் நாள் எல்லாருக்கும் குடுப்பம். இண்டைக்கே முழுக்கக் கட்டினா பதினைஞ்சாயிரம் கழிவு, நாளைக்கு இல்லை” என்றாள். கட்டிவிட்டு வந்தேன். சேருக்குக் காட்ட என் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

சேரும்போது ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எவ்வளவு காலம் பழகியிருக்கிறேன், பழைய காயம் ஏதும் உண்டா, பிரஷர் இருக்கிறதா, எதுவும் இல்லை. பெயர், தொலைபேசி இலக்கம், காசு. என்னோடு சேர்ந்த பதினாறு பேரில் நான்கு பேர் அதற்கு முன் ஒருநாள்கூட ஆசனம் செய்தவர்கள் இல்லை. ஆசிரியராகப் பயிற்றுவிக்கும் இடம் ஒருவரைச் சேர்க்க முதல் அவருடைய சொந்தப் பயிற்சியைப் பற்றிக் கேட்கவேண்டும். கேட்காத இடத்தில் அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அட்டவணை இரண்டாவது வாரம்தான் கிடைத்தது. பன்னிரண்டு வாரம், சனி ஞாயிறு, காலை ஏழிலிருந்து பதினொன்று வரை. இருபத்துநான்கு நாள், நாளுக்கு நான்கு மணித்தியாலம். பெருக்கிப் பாருங்கள், 96. மிச்சம் 104 மணித்தியாலத்தைக் கேட்டபோது ‘சுயபயிற்சி’ என்றார்கள். வட்ஸ்அப்பில் வீடியோ இணைப்புகள் வரும், வீட்டில் இருந்து பார்க்கவேண்டும். அந்த 96உம் கிடைக்கவில்லை. பயிற்சி நடத்தும் மாஸ்டர் கொழும்பில் நிற்கிறார் என்று ஐந்து நாள் வகுப்பு நடக்கவில்லை. ஜூன் 21 யோகா தினம், சனிக்கிழமை. அன்று பாடமே இல்லை. எல்லாருக்கும் ஒரே ரீசேட் தந்து முற்றவெளியில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படம்தான் இப்போது சுவரொட்டியில் இருக்கிறது, பின்வரிசையில் நானும் நிற்கிறேன். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்று என் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். கூட்டினால் 68 மணித்தியாலம்.

அதற்குள் என்ன படிப்பித்தார்கள்? உடற்கூறியல் என்று மூன்று ஆங்கில பீடிஎப். தமிழில் விளக்க ஒருவரும் இல்லை. தத்துவ வகுப்பு இரண்டு. ஆளுக்கு ஒருமுறை, பத்து நிமிடம், முன்னால் நின்று வகுப்பு நடத்தினோம். சரியா பிழையா என்று யாரும் சொல்லவில்லை, கைதட்டினார்கள்.

உடலுக்கு நடந்ததுதான் இன்னும் மனதை உறுத்துகிறது. எங்களோடு ஐம்பத்தைந்து வயது அன்ரி ஒருவர் படித்தார். பிரஷருக்குக் குளிசை போடுகிறவர். அவரை ஏழாவது வாரம் மதிலோரம் சிரசாசனத்தில் நிறுத்தினார்கள். உயர் இரத்த அழுத்தம், குளோக்கோமா என்ற கண் அழுத்த நோய், கழுத்துத் தேய்வு உள்ளவர்களுக்குத் தலைகீழ் ஆசனம் கொடுக்கக்கூடாது என்பது இந்தத் துறையின் அரிச்சுவடி. அன்ரி இறங்கும்போது முகம் சிவந்து, கை நடுங்கியது. தண்ணீர் கொடுத்து இருத்தினோம். அவர் அதற்குப் பிறகு வரவில்லை. காசும் திரும்பக் கிடைக்கவில்லை.

எனக்கு நடந்தது, காலை நீட்டி இருந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தில். நான் குனிந்து இருக்கும்போது உதவிக்கு நின்ற பொடியன் கேட்காமலே முதுகில் முழுப்பாரத்தோடு அழுத்தினான். பிட்டத்து எலும்பில் பின்தொடைத் தசை ஒட்டுகிற இடத்தில் சுரீர் என்றது. அந்த இடத்துத் தசைநார் கெதியாக ஆறாது. ஏழு மாதம் பஸ் சீற்றில் ஒழுங்காக இருக்க முடியவில்லை. தொட முதல் கேட்கவேண்டும் என்பதைக்கூட அந்தப் பயிற்சியில் ஒருவரும் ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஜூலை மாதக் கடைசியில் சான்றிதழ் தந்தார்கள். பொன்னிற முத்திரை, மூலையில் ‘யோகா அலையன்ஸ்’ என்ற அமைப்பின் சின்னம். சரி, அதிலாவது பதிந்துகொள்வோம் என்று இணையத்தில் விண்ணப்பிக்கப் போனேன். எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று கேட்டது. நான் படித்த இடத்தின் பெயர் பட்டியலிலேயே இல்லை. இரண்டு மணித்தியாலம் தேடின பிறகுதான் விளங்கியது. மாஸ்டர் தனியாளாக, ஆசிரியர் என்று பதிந்திருக்கிறார். ஆனால் பயிற்சி நடத்தும் பள்ளியாக அந்த இடம் பதியப்படவில்லை. ஆர்.வை.ரி. என்றால் பதிந்த ஆசிரியர், ஆர்.வை.எஸ். என்றால் பதிந்த பள்ளி. பள்ளி பதியப்படாவிட்டால் அங்கே படித்தவர் அந்தப் படிப்பை வைத்து ஆசிரியராகப் பதிய முடியாது. எங்களுக்குக் காட்டியது மாஸ்டருடைய தனிப்பட்ட பதிவை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் ‘சர்வதேச அங்கீகாரம்’ என்ற சொல்லில்தான் பலர் விழுகிறார்கள். யோகா அலையன்ஸ் என்பது 1999இல் அமெரிக்காவில் உருவான ஒரு பதிவு அமைப்பு. அரசாங்கம் அல்ல, பரீட்சைத் திணைக்களமும் அல்ல. அதில் பதிவது விருப்பத்தைப் பொறுத்தது. ஆனால் அதன் சின்னத்தைக் காட்டிக் காசு வாங்குகிறவர்கள் அதன் கணக்குக்குள்ளாவது நிற்கவேண்டும். 200 மணித்தியாலத்தில் குறைந்தது ஆசன, பிராணாயாம, தியானப் பயிற்சிக்கு 75, உடற்கூறியலுக்கும் உடலியங்கியலுக்கும் 30, தத்துவம் வரலாற்றுக்கு 30, கற்பிக்கும் முறைக்கும் தொழில் ஒழுக்கத்துக்கும் 50 என்று பிரித்திருக்கிறார்கள். பள்ளிகளின் பட்டியலை அவர்களுடைய தளத்தில் யாரும் தேடலாம், காசில்லை. இந்தத் தேடலை நான் ஏப்ரலில் செய்திருந்தால் காப்பு கையில் இருந்திருக்கும்.

ஆனாலும் காசு போனதைவிடப் பெரிய கவலை ஒன்று. ஓகஸ்ட்டில் எங்கள் மாதர் சங்கத்தில் வகுப்பு ஒன்று ஆரம்பித்தேன். முதல் நாள் முடிய ஒரு தங்கச்சி மெதுவாகக் கிட்ட வந்து, “அக்கா, எனக்கு சிசேரியன் செய்து மூண்டு மாதம். இதெல்லாம் நான் செய்யலாமோ?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று அவளையும் சேர்த்துத்தான் வயிற்றை இறுக்கும் நௌகாசனம் செய்வித்திருந்தேன். அன்றிரவு நித்திரை வரவில்லை. வைத்தியரின் அனுமதி கேட்கவேண்டும், வயிற்றுத் தசை நடுவில் விலகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும், அதுவரை வயிற்றை இறுக்கும் ஆசனங்களைத் தள்ளிவைக்க வேண்டும் என்றெல்லாம் பிறகு ஒரு பிசியோதெரப்பிஸ்ட் அக்காவிடம் கேட்டுத்தான் அறிந்தேன். அந்தத் தங்கச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த கிழமையே வகுப்பை நிறுத்திவிட்டேன்.

காசைத் திருப்பிக் கேட்டேன். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று நவம்பர் வரை இழுத்தார்கள். பிறகு நுகர்வோர் விவகார அதிகார சபையில் முறையிடப் போனேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடவேண்டுமாம். எனக்கு அது தாண்டிவிட்டது. அவர்கள் இழுத்ததன் காரணம் அங்கேதான் விளங்கியது. இன்னொன்றையும் அங்கேதான் கவனித்தேன். என் பற்றுச்சீட்டில் ‘பயிற்சிக் கட்டணம்’ என்று இல்லை, ‘நன்கொடை’ என்று இருக்கிறது. காசைக் கொடுத்துவிட்டு அந்தத் துண்டை வாசிக்காமலே மடித்துப் பைக்குள் வைத்திருந்திருக்கிறேன்.

சேர நினைப்பவர்கள் தயவுசெய்து பற்றுச்சீட்டை அங்கேயே நின்று வாசியுங்கள். அட்டவணையைக் கையில் வாங்கி, ஆசிரியர் முன்னால் நிற்கும் மணித்தியாலத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள். இடையில் நின்றால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். நம் நாட்டில் தொழிற்பயிற்சி நடத்தும் நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தப் பதிவு இலக்கத்தையும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முதல், பயிற்சி நடத்துபவரின் சாதாரண வகுப்புக்கு ஒரு மாதமாவது போய்ப் பழகுங்கள். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். எனக்கு இப்போது அதைவிடப் பெரிய தகுதி தெரியவில்லை. எங்காவது ஏமாந்துவிட்டால் அவர்களுடைய தவணைப் பேச்சை நம்பிக் காத்திருக்காதீர்கள், நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து உடனேயே எழுத்தில் முறையிடுங்கள்.

நான் மறுபடி சேரிடம் போகிறேன். காலை ஐந்தரை, அதே பழைய பாய். “சொன்னனான்தானே” என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. இடுப்புக்குக் கீழே மடித்த போர்வை ஒன்றை வைத்து, குனியாமல் இருக்கச் சொல்கிறார்.

வருகிற சனிக்கிழமை இணக்கசபை கூடுகிறது. என் கொப்பியையும் பற்றுச்சீட்டையும் கொண்டுபோகிறேன். அந்தப் பயிற்சியில் நீங்களும் இருந்திருந்தால், உங்கள் பற்றுச்சீட்டிலும் ‘நன்கொடை’ என்று இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து போவோம்.