1926 இலக்கம்: ஓய்வெடுத்தும் தீராத களைப்புக்கு எவ்வளவு உதவும்?

இலங்கையின் தேசிய மனநல நிறுவகம் நடத்தும் 1926 தொலைபேசி ஆலோசனைச் சேவை 24 மணித்தியாலமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். "அது பைத்தியத்துக்கான நம்பர்" என்ற பேச்சு தேயிலைத் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. தவறான பேச்சு. வேலை அழுத்தத்தில் மனம் விட்டுப்போனவர்களும் தாராளமாக எடுக்கலாம். முற்றுமுன் எடுத்தால்தான் பலன் அதிகம்.

வேலை அழுத்தத்தால் வரும், ஓய்வெடுத்தும் தீராத இந்தக் களைப்பை ஆங்கிலத்தில் burnout என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோய் என்று சொல்லவில்லை, வேலையால் வரும் நிலை என்றது: தெம்பு வற்றிப்போதல், வேலையில் வெறுப்பு, எதைச் செய்தும் சரிவரவில்லை என்ற எண்ணம். ஞாயிறு படுத்தெழும்பி திங்கள் தெம்பு வந்தால் அது வெறும் அலுப்பு. திங்கள் பிரட்டுக்கு (காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம்) போகுமுன்பே கால் கனத்து, அது வாரக்கணக்கில் தொடர்ந்தால் விட்டுவைக்க வேண்டாம்.

எடுக்குமுன் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கி எழும்பினீர்கள், எப்போது எரிச்சல் வந்தது, எந்த நேரச் சாப்பாடு தவறியது. "மனசு சரியில்ல" என்று மட்டும் சொன்னால் கிடைக்கும் ஆலோசனையும் பொத்தாம்பொதுவாகவே இருக்கும். பெண்கள் பலர் ஒரு நாளில் பறிக்க வேண்டிய 18 கிலோ தேயிலைக் கொழுந்தை மட்டும் சொல்வார்கள். நாலரைக்கு அடுப்பு மூட்டியதும், பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவுக்கு (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையம்) தூக்கிப்போனதும், இரவில் உடுப்புக் கழுவியதும் பேச்சில் வராது. அதைக் கட்டாயம் சொல்லுங்கள். வீட்டு ஆட்களோடு பகிர்ந்து குறைக்கக்கூடிய பாரம் அங்கேதான் இருக்கிறது. கொழுந்து நிறையைக் குறைக்க எந்த ஆலோசகராலும் முடியாது.

லயத்துக் காம்பராவில் (வரிசை வீட்டு அறை) பேசினால் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். கோயிலடி, மைதானம் என்று சிக்னல் அறுந்துபோகாத இடமாகப் பாருங்கள்.

பெரிய குறை, போனில் இரத்தம் பார்க்க முடியாது. இரத்தச்சோகையும் தைரொய்ட் குறைபாடும் இதே சோர்வைத் தரும். ஆஸ்பத்திரியில் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 g/dLக்குக் கீழே இருந்தால் இரத்தச்சோகை. ரொட்டியோடு குடிக்கும் தேத்தண்ணி, உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

உயிரை விடும் எண்ணம் வந்தால் குறிப்பும் வேண்டாம், ஒரு வாரமும் வேண்டாம்: உடனே 1926. வீட்டிலுள்ளவர்கள் புல்லுமருந்தையும் பூச்சிமருந்தையும் வெளியேற்றிவிட்டு, அவரைத் தனியே விடாமல் கூட இருங்கள்.